அடிமைகளின் ஜெபம் அரண்மனையில் ஒலித்தது!

கடல் கடந்து போய்ப் பாடிய கறுப்பு மாணவர்களின் கதை

"பாட்டுப் பாடிக் கல்லூரி கட்ட முடியுமா?" என்று யாராவது கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "பைத்தியக்காரத்தனம்! பாட்டுப் பாடினால் வயிறு நிறையுமா, சுவர் எழும்புமா?" என்றுதான் சொல்வோம்.

ஆனால் எழும்பியிருக்கிறது! அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில் என்ற நகரம் இருக்கிறது. அங்கே பிஸ்க் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் நடுவே ஆறு மாடிகளோடு ஒரு பெரிய செங்கல் கட்டடம் நிற்கிறது. அதன் பெயர் 'ஜூபிலி மண்டபம்'. அந்தக் கட்டடம் பாட்டினால் எழும்பியது. அதுவும் எப்படிப்பட்ட பாட்டு? அடிமைகள் அழுதுகொண்டே பாடிய ஜெபப் பாட்டு!

அந்தப் பாட்டைப் பாடியவர்கள் பெரிய வித்துவான்கள் அல்ல. சின்னப் பிள்ளைகள். கறுப்பின மாணவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். அவர்கள் அமெரிக்காவைச் சுற்றினார்கள். கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனார்கள். மகாராணி விக்டோரியாவின் முன்னால் நின்று பாடினார்கள். அந்தக் கதை இது.

விலங்கை விற்றுப் புத்தகம்!

அமெரிக்காவில் 1861-ம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. நாலு ஆண்டுகள் நடந்தது. 1865-ம் ஆண்டு முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. சுமார் 40 லட்சம் பேர் விடுதலை பெற்றார்கள்.

விடுதலை கிடைத்தது. ஆனால் வீடு இல்லை, நிலம் இல்லை, கையில் காசு இல்லை. எழுத்தும் தெரியாது. காரணம், தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றம் என்று சட்டம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தால் அடிமை அடங்க மாட்டான் என்று எஜமானர்கள் பயந்தார்கள்!

ஆகவே விடுதலை கிடைத்ததும் அந்த மக்கள் முதலில் தேடி ஓடியது பள்ளிக்கூடத்தை. 1866-ம் ஆண்டு ஜனவரி மாதம் நாஷ்வில் நகரில் பிஸ்க் பள்ளி திறக்கப்பட்டது. ஒரு மிஷன் சங்கத்தின் முயற்சி அது. ராணுவம் விட்டுப் போன ஆஸ்பத்திரிக் கொட்டகைகள்தாம் வகுப்பறைகள். சிறுவர்கள் வந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் வந்தார்கள். நரைத்த தலைக் கிழவர்களும் வந்து பெஞ்சியில் உட்கார்ந்து அரிச்சுவடி படித்தார்கள்.

பாடப் புத்தகம் வாங்கப் பணம் இல்லை. மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பு அடிமைகளை அடைத்து வைத்து விற்ற கொட்டடிக்குப் போனார்கள். அங்கே கைவிலங்குகளும் கால் சங்கிலிகளும் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். அந்தக் காசில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் புத்தகம் வாங்கினார்கள்!

கதவைச் சாத்திக்கொண்டு பாடினார்கள்

அந்தப் பள்ளியில் ஜார்ஜ் ஒயிட் என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். கொல்லர் மகன். போரில் வட மாநிலங்களின் பக்கம் சண்டை போட்டவர். பள்ளியின் கணக்கு வழக்கைப் பார்த்தவர் அவரே. ஒழிந்த நேரத்தில் மாணவர்களுக்குச் சங்கீதமும் சொல்லிக் கொடுத்தார்.

எல்லா ஷெப்பர்டு என்ற பெண் அவருக்கு வலது கை. இவளுடைய கதையைக் கேட்டால் கல்லும் கரையும்.

எல்லா 1851-ம் ஆண்டு அடிமையாகப் பிறந்தாள். தாயும் அடிமை. ஒரு நாள் தாய்க்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. எஜமானி அம்மாள் அந்தக் குழந்தையையே வேவு பார்க்கப் பழக்கியிருந்தாள்! பெற்ற தாயைப் பற்றிக் கோள் சொல்லக் குழந்தைக்குக் கற்றுக் கொடுத்திருந்தாள். தாய் மனம் உடைந்து போனாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் விழுந்து சாவதற்குப் புறப்பட்டாள். வழியில் ஒரு கிழவி, அவளும் அடிமைதான், தடுத்து நிறுத்தினாள். "வேண்டாம் மகளே! இந்தக் குழந்தையால் ஆண்டவருக்குப் பெரிய காரியம் ஆக வேண்டியிருக்கிறது" என்ற கருத்தில் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பினாள். இதைப் பிற்காலத்தில் எல்லாவே எழுதி வைத்திருக்கிறாள்.

தகப்பன் உழைத்துப் பணம் சேர்த்து மகளை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார். தாயையும் விற்பதாக எஜமானி சொல்லியிருந்தாள். பிறகு பேச்சு மாறிவிட்டாள். தாய் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாள். எல்லா தகப்பனோடு சின்சினாட்டி நகரில் வளர்ந்தாள். அங்கே ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் அவளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. இரவில் வர வேண்டும். கொல்லைப்புறக் கதவு வழியாக வர வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது!

1868-ம் ஆண்டு எல்லா பிஸ்க் பள்ளிக்கு வந்தாள். கையில் இருந்தது ஆறே டாலர்.

ஒயிட் மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது வெள்ளைக்காரர்களின் சங்கீதம். ஆனால் அந்த மாணவர்களிடம் வேறு பாட்டுகளும் இருந்தன. பருத்திக் காட்டில் அவர்கள் தாய் தகப்பன்மார் பாடிய பாட்டுகள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். நம் ஊரில் நாற்று நடும்போது பாடுவதில்லையா, அதைப்போல. எஜமான் காதில் விழாமல் இரவில் காட்டுக்குள் கூடி, அவர்கள் செய்த ஜெபமும் அந்தப் பாட்டுதான். எகிப்து தேசத்தில் அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேல் மக்களை மோசே மீட்டுக்கொண்டு போன கதை பைபிளில் இருக்கிறது. அந்தக் கதை தங்கள் கதை என்று அவர்கள் நினைத்தார்கள். "ஆண்டவரே, எங்களுக்கு ஒரு மோசே வர மாட்டானா?" என்று ஏங்கினார்கள். அந்த ஏக்கமே பாட்டாக வந்தது.

இந்தப் பாட்டுகளை வெளியார் முன்னால் பாட மாணவர்கள் கூசினார்கள். அடிமைக் காலத்தை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அது மட்டும் அல்ல. பெற்றோர்கள் கண்ணீர் விட்டுச் செய்த ஜெபம் அது. அதைக் கொண்டுபோய்க் கச்சேரியில் வைக்கலாமா?

ஒயிட் கட்டாயப்படுத்தவில்லை. அவர் வீட்டில் கூடுவார்கள். கதவைச் சாத்துவார்கள். திரையை இழுத்து விடுவார்கள். தரையில் உட்கார்ந்து, ஒருவருக்கு ஒருவர் தெரிந்த பாட்டைச் சொல்லிக் கொடுத்து, மெல்லிய குரலில் பாடுவார்கள்.

பிச்சை எடுக்கவா புறப்பட்டார்கள்?

பள்ளியின் நிலை நாளுக்கு நாள் மோசமாயிற்று. கொட்டகைகள் இற்றுப் போயின. கடன் ஏறியது. மூடிவிடலாம் என்ற பேச்சுக் கிளம்பியது.

ஒயிட் ஒரு யோசனை சொன்னார். "மாணவர்களை அழைத்துக்கொண்டு வட மாநிலங்களுக்குப் போகிறேன். பாடிப் பணம் திரட்டுகிறோம்." பெரியவர்கள் பலர் எதிர்த்தார்கள். பெற்றோர்கள் பயந்தார்கள். ஒயிட் பின்வாங்கவில்லை.

1871-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி ஒன்பது பாடகர்கள் நாஷ்வில் நகரிலிருந்து புறப்பட்டார்கள். ஐந்து பெண்கள், நாலு ஆண்கள். இளையவள் மின்னி டேட் என்ற பெண்ணுக்கு வயது 14-தான்!

அவர்களில் பெஞ்சமின் ஹோம்ஸ் என்று ஒருவர். சிறு வயதில் சார்லஸ்டன் நகரில் தையற்கடையில் வேலை செய்த அடிமை. கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத் திருட்டுத்தனமாக எழுத்துப் படித்தவர். போர்க் காலத்தில் அவரை விற்பதற்காக அடிமைக் கொட்டடியில் அடைத்தார்கள். அங்கே ஒரு பத்திரிகை கைக்கு வந்தது. ஜனாதிபதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அதிலே இருந்தது. ஹோம்ஸ் அதை உரக்கப் படித்துக் காட்டினார். கொட்டடியில் இருந்தவர்கள் ஆனந்தக் கூச்சல் போட்டார்கள்!

இன்னொருவர் தாமஸ் ரட்லிங். அவருக்கு நினைவு தெரிந்த முதல் சம்பவம், அவருடைய தாயை விற்றுக் கொண்டுபோனது.

புறப்பட்டவர்களுக்கு வழியெல்லாம் அவமானம். பல ஓட்டல்களில் தங்க இடம் இல்லை என்று துரத்தினார்கள். ரயில் நிலையத்தில் நல்ல இடத்தில் உட்கார விடவில்லை. ஏதோ கோமாளிக் கூத்து என்று நினைத்துச் சிரிக்க வந்தவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பு மக்களைப் போல ஆடிப் பாடிக் கேலி செய்வார்கள். அதற்கு நல்ல கூட்டம் சேரும். இவர்களையும் அப்படியே எண்ணினார்கள்.

வசூலும் இல்லை. சின்சினாட்டியில் கிடைத்தது 50 டாலருக்கும் குறைவு. அதே சமயம் சிகாகோ நகரம் தீப்பிடித்து எரிந்த செய்தி வந்தது. தங்களுக்கே சோற்றுக்கு வழி இல்லாத அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? கிடைத்த வசூலை அப்படியே சிகாகோ மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்!

ஓபர்லினில் நடந்தது

நவம்பர் மாதம் ஓஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்ற ஊரில் சபைகளின் மாநாடு ஒன்று கூடியது. பாதிரிமார்கள் நிறைந்திருந்தார்கள். இடைவேளை. ஒரே பேச்சும் இரைச்சலும். அப்போது ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய ஓசை எழுந்தது. 'ஸ்டீல் அவே' என்ற பாட்டு. ஓசைப்படாமல் நழுவிப் போவது என்று அதற்குப் பொருள். அடிமைகள் இரவில் ஜெபத்துக்குக் கூடும்போது பாடிய பாட்டு.

தாளம் இல்லை, வாத்தியம் இல்லை. மூச்சுவிடுவது போல ஆரம்பித்தது. பேச்சு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பாடிய பாட்டு அன்றைக்கு வெளியே வந்துவிட்டது! கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

அதிலிருந்து வழி திறந்தது. கொலம்பஸ் என்ற ஊரில் ஒயிட் இரவெல்லாம் ஜெபம் செய்தார். காலையில் குழுவுக்குப் பெயர் சூட்டினார். 'ஜூபிலி பாடகர்கள்'! பைபிளில் லேவியராகமம் என்ற பகுதியிலே யூபிலி ஆண்டு என்று ஒன்று சொல்லியிருக்கிறது. ஐம்பதாம் ஆண்டு வரும். அந்த ஆண்டில் அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது சட்டம். அடிமைகளின் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது?

நியூயார்க் வட்டாரத்தில் புரூக்ளின் நகரத்துப் பெரிய ஆலயத்தில் பாடினார்கள். வாஷிங்டனில் ஜனாதிபதி கிராண்ட் அழைத்துப் பாடச் சொன்னார். 1872-ம் ஆண்டு ஊர் திரும்பும்போது 20,000 டாலர் கொண்டுவந்தார்கள். பள்ளியின் கடன் தீர்ந்தது. புது நிலமும் வாங்கியாயிற்று. நிலம் வந்தது, கட்டடம்? அதற்காகத்தான் கடல் கடந்தார்கள்.

மகாராணியின் முன்னே

1873-ம் ஆண்டு ஏப்ரலில் கப்பல் ஏறினார்கள். கப்பல் பிடிப்பதும் சுலபமாக இல்லை. கறுப்பு மக்களுக்கு நல்ல அறை தர முடியாது என்று சில கம்பெனிகள் கையை விரித்தன. ஒரு கம்பெனி இடம் கொடுத்தது.

இங்கிலாந்தில் அவர்களுக்கு ஆதரவு கொடுத்தவர் ஷாப்ட்ஸ்பரி பிரபு. ஏழைத் தொழிலாளர்களுக்காகவும் ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளுக்காகவும் பார்லிமெண்டில் போராடிய உத்தமர். மே மாதம் 6-ந் தேதி லண்டன் நகரின் பெரிய மனிதர்களைக் கூட்டிப் பாட வைத்தார். மறுநாளே ஒரு பிரபுவின் மாளிகையில் மகாராணி விக்டோரியா அவர்களைக் கேட்க வந்தார்.

எண்ணிப் பாருங்கள்! உலகத்தின் பெரிய சாம்ராஜ்யத்துக்கு ராணி ஒரு பக்கம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு சந்தையில் மாடு போல விற்கப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். அவர்கள் என்ன பாடினார்கள்? ராணியைப் புகழ்ந்து பாடவில்லை. 'ஸ்டீல் அவே' பாடினார்கள். இயேசு கற்றுக் கொடுத்த பரமண்டல ஜெபத்தை ராகத்தோடு ஓதினார்கள். மோசே பார்வோன் மன்னனிடம் போய், என் மக்களை விட்டுவிடு என்று கேட்ட பாட்டைப் பாடினார்கள். அரசி ஒருத்தியின் முன்னால் அரசனை எதிர்த்த பாட்டு!

பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் தம் வீட்டுக்கு அழைத்தார். விருந்தாளிகளோடு சரிசமமாக மேஜையில் உட்கார வைத்தார். சொந்த நாட்டில் ஓட்டலில் இடம் கிடைக்காதவர்களுக்கு இது நடந்தது!

கச்சேரியா, ஆராதனையா?

ஆனால் மாளிகைகளைவிட மற்ற இடங்களில் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது.

லண்டனில் ஸ்பர்ஜன் என்ற புகழ் பெற்ற போதகரின் ஆலயத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் முன்னால் பாடினார்கள். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்போர்ஸ் பிறந்த ஹல் நகரத்தில் பாடினார்கள். அந்த ஆண்டு மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியார் வட இங்கிலாந்தில் பெரிய ஜெபக் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தார். கப்பல் கட்டும் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் நிறைந்த பகுதி அது. ஜூபிலி பாடகர்கள் அந்தக் கூட்டங்களில் போய்க் கலந்துகொண்டார்கள். அங்கே டிக்கெட் கிடையாது. கைதட்டல் கிடையாது.

அந்தக் கூட்டங்களில் அவர்கள் பாடகர்களாக நிற்கவில்லை. கும்பிட வந்தவர்களோடு தாங்களும் கும்பிடுகிறவர்களாக நின்றார்கள். அடிமைக் குடிசையில் அவர்களுடைய தாய்மார்கள் எப்படிப் பாடினார்களோ அப்படியே பாடினார்கள். கேட்டவர்கள் வெள்ளைக்காரத் தொழிலாளிகள். பருத்திக் காட்டையும் சாட்டையடியையும் கண்ணால் காணாதவர்கள். ஆனாலும் துயரம் தெரியாத ஏழை உண்டா? அவர்களும் அழுதார்கள்.

பெற்றோரின் ஜெபத்தைக் கச்சேரியில் வைக்கலாமா என்று முன்பு கூசினார்கள் அல்லவா? அதற்கு இங்கே பதில் கிடைத்தது. உள்ளம் உருகிப் பாடினால் கச்சேரி மண்டபமும் கோயிலாகிவிடும். உருகாமல் பாடினால் கோயிலும் கச்சேரி மண்டபம்தான்! அவர்கள் எந்த மேடையிலும் கண்ணை மூடி, தலையை நிமிர்த்தி, ஜெபம் செய்கிற மாதிரியே பாடினார்கள். உரத்த குரல் காட்டவில்லை. ரகசியம் பேசுவது போன்ற மெல்லிய குரல்தான் அவர்களுடைய பலம். ஒயிட் அப்படித்தான் பழக்கியிருந்தார். அடிமைகள் எஜமான் காதில் விழாமல் பாடிய குரல் அல்லவா!

பிற்பாடு 1877-ம் ஆண்டு ஜெர்மனிக்கும் போனார்கள். அங்கே சாதாரண மக்களுக்கு ஆங்கிலம் புரியாது. அப்படியும் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். போட்ஸ்டாம் அரண்மனையில் சக்கரவர்த்தி முதலாம் வில்லியமும் கேட்டார். மொழி புரியாதவர்களுக்கும் அழுகை புரிந்தது.

விலையும் கொடுத்தார்கள்

இத்தனையும் சும்மா கிடைத்துவிடவில்லை. குளிரிலும் பனியிலும் நாள் தவறாமல் பயணம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று இடங்களில் பாட்டு. உடம்பு தாங்குமா? ஒயிட்டின் மனைவி 1874-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் விஷக் காய்ச்சலால் இறந்தார். ஒயிட்டின் உடல்நலமும் கெட்டது. அடிமைக் கொட்டடியில் பத்திரிகை படித்துக் காட்டிய ஹோம்ஸ் 1875-ம் ஆண்டு காச நோயால் மாண்டார். பலர் கல்லூரிக்காகப் பாடப் போய், தங்கள் கல்லூரிப் படிப்பைக் கைவிட்டார்கள். பிறர் பிள்ளைகள் படிப்பதற்காகத் தங்கள் படிப்பைத் தியாகம் செய்தார்கள்!

சிலர் இங்கிலாந்திலேயே தங்கினார்கள். ஐசக் டிக்கர்சன் என்பவர் எடின்பரோவில் படித்துப் பிரசங்கியார் ஆனார். தாயை இழந்த ரட்லிங், ஹாரகேட் என்ற ஊரில் வாழ்ந்து 1915-ம் ஆண்டு காலமானார்.

முதல் ஐரோப்பியப் பயணத்தில் சேர்ந்த பணம் ஏறக்குறைய 50,000 டாலர். அந்தப் பணத்தில் ஜூபிலி மண்டபம் எழுந்தது. 1876-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறப்பு விழா. தென் மாநிலங்களில் கறுப்பு மக்களின் உயர் கல்விக்காக நிரந்தரமாகக் கட்டிய முதல் கட்டடம் அதுதான். 1873-ம் ஆண்டு இங்கிலாந்தில் எட்மண்ட் ஹாவல் என்ற ஓவியர் அவர்களை எழுதிய ஆளுயரப் படம் அந்த மண்டபத்தில் தொங்குகிறது.

தாஜ்மகாலில் ஒரு பாட்டு

1878-ம் ஆண்டு கல்லூரியின் குழு கலைந்தது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. பிரெடரிக் லவுடின் என்ற பாடகர் அதே பெயரில் தனிக் குழு ஒன்றை நடத்தினார். 1884 முதல் 1890 வரை ஆறு ஆண்டுகள் உலகத்தைச் சுற்றினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் எல்லாம் போனார்கள். நம் இந்தியாவுக்கும் வந்தார்கள்! ஆக்ராவில் தாஜ்மகாலுக்குள் நின்று பாடினார்கள். இறந்த மனைவிக்காக ஒரு முகலாய மன்னன் எழுப்பிய மாடத்தின் கீழே, அமெரிக்க அடிமைகளின் ஜெபப் பாட்டு சுற்றிச் சுற்றி எதிரொலித்தது.

தாய் கிடைத்தாள்

எல்லா ஷெப்பர்டு என்ன ஆனாள்? பிரிந்துபோன தாயைப் போர் முடிந்த பிறகு தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு நாஷ்வில் நகருக்கே அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஆற்றங்கரையில் கிழவி சொன்ன சொல் பலித்துவிட்டது! எல்லா 1914-ம் ஆண்டு இறந்தாள்.

அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் எத்தனையோ பேர். அறிஞர் டூபாய்ஸ் 1888-ம் ஆண்டு அங்கே பட்டம் பெற்றவர். உரிமைப் போராட்ட வீரர் ஜான் லூயிஸும் அங்கே படித்தவரே. ஜூபிலி பாடகர் குழு இன்றும் இருக்கிறது. மாணவர்களே பாடுகிறார்கள். 2021-ம் ஆண்டு அவர்களுடைய இசைத்தட்டுக்கு அமெரிக்காவின் கிராமி பரிசு கிடைத்தது.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 6-ந் தேதி பிஸ்க் பல்கலைக்கழகத்தில் 'ஜூபிலி நாள்' கொண்டாடுகிறார்கள். 1871-ல் அந்த ஒன்பது பேரும் புறப்பட்ட நாள் அது. அன்றைக்கு மாணவப் பாடகர்கள் நகரத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். எல்லா ஷெப்பர்டும் அவளுடைய தோழிகளும் உறங்குகிற கல்லறைகளைச் சுற்றி நிற்கிறார்கள். அதே பழைய பாட்டுகளை, அதே மெல்லிய குரலில் பாடுகிறார்கள். அந்தப் பாட்டைக் கேட்க அங்கே மகாராணி இல்லை, சக்கரவர்த்தி இல்லை, வசூல் தட்டும் இல்லை. மண்ணுக்குள் உறங்குகிறவர்களுக்கும் மேலே இருக்கிற ஆண்டவனுக்கும் மட்டுமே அந்தப் பாட்டு!